தூரத்து முனை

நான்காம் ஸ்டேஷனில் ஒரு விளக்கை அணைத்தான், திரும்பப் போட மறந்தான். நடந்தது இவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு கதையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சில பேர் வீடே இடிந்து விழுந்தாலும் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள், சில பேருக்கு ஒரு சுவிட்ச் போதும்.

அவனை ஆபீசில் எல்லோரும் ரிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கஸ் வேலை இல்லை. ஆறு ஊர்களை ஒரு கண்ணாடி இழைக் கேபிள் வட்டமாக இணைத்திருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஆள் இல்லாத ஓர் அறை, அறைக்குள் பீரோ உயரத்தில் ஓர் இயந்திரம். அதைத்தான் ஸ்டேஷன் என்பார்கள். ஆறு ஸ்டேஷன்களையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்வது அவன் வேலை. எங்கே மின்விசிறி நின்றது, எங்கே பேட்டரி இறங்குகிறது, எந்த இழையில் வெளிச்சம் மங்குகிறது, எல்லாம் அவன் திரைக்கு வந்துவிடும். அங்கே திறக்க வேண்டியதை இங்கிருந்தே திறப்பான், அடைக்க வேண்டியதை இங்கிருந்தே அடைப்பான். அவன் அனுப்பும் கட்டளைகளும் அதே கேபிள் வழியாகத்தான் போய் வரவேண்டும், தனி வழி கிடையாது. இந்த ஒரு சங்கதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டமாக ஏன் போட்டார்கள் என்றால், ஒரு பக்கம் அறுந்தாலும் ஊர்ப் பேச்செல்லாம் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். போனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு விக்கல்கூடத் தெரியாது. அதனால் அந்த ஆபீசில் எதற்கும் யாரும் பதறுவதில்லை. "இன்னொரு பக்கம் இருக்குல்ல, விடு" என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் பேச்சு.

ரிங் மாஸ்டர் என்று பெயர் வைத்தது ஆபீஸ் இல்லை, அவன் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அக்கா கல்யாணமாகிப் போன வீட்டுக்கு இவனையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் லாரி மெக்கானிக். ஆள் மலை மாதிரி, கை இரண்டும் முறம் மாதிரி. வாயைத் திறந்தால் கிண்டல்தான். ஆனால் இவன் பரீட்சைக்குப் படிக்கிற நாட்களில் அந்த மலை மனிதர் வீட்டுக்குள் நுனிக்காலில் நடப்பார். காய்ச்சலில் இவன் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், அதே மாத்திரையைத் தான் விழுங்கியதுபோல் நடித்துத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவார். இவன் சிரிக்கிற சமயம் பார்த்து அக்கா வாயில் போட்டுவிடுவாள். அப்படி வளர்ந்தவன்.

அவ்வளவும் ஒரு விருந்தில் போனது. தன் மகளின் பிறந்தநாளுக்கு ஆபீஸ் ஆட்களையெல்லாம் அழைத்திருந்தான், பெரிய அதிகாரியும் வந்திருந்தார். அத்தான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் ஆரம்பித்தார்.

"என் மாப்ளைக்கு என்ன வேலை தெரியுமா சார்? உக்காந்த எடத்துலேர்ந்து ஆறு ஊருக்கு விளக்குப் போடறது. எங்க வீட்ல இருந்தப்ப ஃபேன் சுவிட்சு தலைக்கு மேல இருக்கும், எழுந்து போட மாட்டான். 'அத்தான், கொஞ்சம் போடுங்களேன்'பான். ஆண்டவன் பாத்தான், இவனுக்கேத்த வேலையா ஒண்ண உண்டாக்கிட்டான். சாதாரண ஆளா, ரிங் மாஸ்டர் சார் இவன்."

கூடமே சிரித்தது. பெரிய அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவனுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. விருந்து முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே உன் வீட்டு வாசல்ல நான் கால் வைக்கமாட்டேன்" என்றான். அத்தான் மறுநாளே போன் செய்தார், இவன் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் செய்தார். பிறகு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது போல, நிறுத்திவிட்டார். ஆபீசில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிடும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். அப்புறம் குத்துவதும் நின்றுபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. என்ன கோபமோ, கடவுளே. மகள் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டாள், இவன் கோபம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அக்காவோடு பேச்சு இருந்தது. அவளையும் நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொண்டான் என்று சொல்லவேண்டும். மருந்து வேண்டுமா, இங்கிருந்தே வரவழைத்துக் கொடுப்பான். குழாய் ரிப்பேரா, இங்கிருந்தே ஆள் அனுப்புவான். அத்தானுக்குச் சிறுநீரகம் கெட்டு அவர் படுக்கையில் விழுந்தபோது, கட்டில், மெத்தை, நர்ஸ் எல்லாம் இவன் ஏற்பாடுதான். போகவில்லை, அவ்வளவுதான். அக்காவும் வற்புறுத்தவில்லை. எப்போதாவது, "வந்து ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போயேன்டா" என்பாள். "பாக்கறேன்கா" என்பான்.

அக்கா வீடு இருந்தது நான்காம் ஸ்டேஷன் ஊரில்.

அன்று காலை மூன்றாம் ஸ்டேஷனுக்கும் நான்காம் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு பழுது பார்க்கும் வேலை. பூமிக்கடியில் ஒரு கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. இழைகளை ஒட்டுகிற ஜாயின்ட்டர் குழியில் இறங்கிப் பழைய இணைப்பை வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டவேண்டும். இழையில் ஓடுகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் குருடாக்கிவிடும். அதனால் ஜாயின்ட்டர் கை வைக்கும் முன்பு இரண்டு முனையிலும் விளக்கை அணைக்க வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் விளக்கு ஒன்று, நான்கிலிருந்து மூன்றுக்கு வரும் விளக்கு ஒன்று. வேலை முடிந்ததும் இரண்டையும் போடவேண்டும்.

போடுவதற்கு அந்த அறையில் ஒரு முறை உண்டு. தூரத்து முனையை முதலில் திற, பக்கத்து முனையை அப்புறம் திற. பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், தூரத்தில் இருப்பதைத் தொட வழி இருக்கும்போதே தொட்டுவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் இதை வாய் வலிக்கச் சொன்னவனே அவன்தான்.

ஜாயின்ட்டர் குழியிலிருந்து போன் செய்தான்.

"ஒட்டியாச்சு சார். வெளிச்சம் விடுங்க."

அவன் மவுசைப் பிடித்தான். அதே நேரம் கைபேசியில் அக்கா. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஒரு கையால் எடுத்தான்.

"தம்பி, அத்தான் உன்கிட்ட பேசணும்ங்கறார்."

அவன் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"டாக்டர் நேத்து வந்துட்டுப் போனார். இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்குங்கன்னுட்டார். உனக்குப் புரியுதுல்ல? காலைல பூரா தூக்கந்தான். சாப்பாட்டு நேரத்துக்கு மேல கொஞ்சம் தெளிவா முழிக்கறார். அப்பப் போடறேன். எடுப்பியா?"

"எடுக்கறேன்கா."

"ஏதாச்சும் சாக்கு சொல்லாதடா."

"எடுக்கறேன்னு சொல்றேன்ல."

பேசிக்கொண்டே கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மூன்றின் விளக்கைப் போட்டது. பக்கத்து முனை. நான்குக்கு வெளிச்சம் வந்துவிட்டதா என்று கண் பார்த்தது, வந்திருந்தது. "வந்துடுச்சுப்பா, நீ கெளம்பு" என்று ஜாயின்ட்டரிடம் வாய் சொன்னது. நான்கின் விளக்கைப் போடவேண்டியது மனம், அது அந்த நேரத்தில் அங்கே இல்லை. அத்தானிடம் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது, "எப்படி இருக்கீங்க"வென்று செத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்க முடியுமா என்று அது எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது.

வேறு நாளாக இருந்தால் திரை சிவப்பாகிக் கத்தியிருக்கும். வேலை நடக்கும் பகுதியை நீல நிறத்தில் வைத்துவிடுவார்கள், வீணாக அலாரம் அடிக்கக்கூடாது என்று. வேலை முடிந்ததும் நீலத்தை எடுக்கவேண்டும். அவன் அதையும் எடுக்கவில்லை. நீலம் சாதுவாக இருந்தது. நான்காம் ஊர் மறுபக்கமாகப் பேசிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டு டப்பாவை அவன் திறக்கவே இல்லை. கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் இருந்த பெண்ணுக்கு ஆபீசில் டீச்சர் என்று பெயர், எதையும் இரண்டு தடவை விளக்கிச் சொல்வாள் என்பதால். அவள் பார்த்துவிட்டு, "என்ன சார், பொண்ணு பாக்க வந்தவங்க பதில் சொல்லப்போறாங்களா?" என்றாள். அவன் சிரிக்க முயன்றான்.

அப்போதுதான் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே எங்கோ சாலை தோண்டிய இயந்திரம் ஒன்று கேபிளை வாரி எடுத்தது.

திரையில் சிவப்பு விழுந்தது. டீச்சர் நிதானமாகத்தான் சொன்னாள். "நாலு அஞ்சு கட். பரவால்ல, இன்னொரு பக்கம் இருக்குல்ல." சொல்லி முடிப்பதற்குள் நான்காம் ஸ்டேஷன் முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பல் என்றால் அங்கிருந்து ஒரு பதிலும் இல்லை என்று அர்த்தம். இருவரும் எழுந்து நின்றார்கள். இப்படி ஆகக்கூடாது. வட்டம் எதற்காக இருக்கிறது?

நீலத்தை எடுத்துப் பார்த்தவள் டீச்சர்தான்.

"சார், மூணு பக்கம் நாலோட விளக்கு வரல. காலைல அணைச்சது அப்படியே இருக்கு." பிறகு மெதுவாக, "அந்தப் பக்கத்த நீங்க போடலியா?"

அவன் சட்டென்று உட்கார்ந்து கட்டளை அனுப்பினான். மறுபடி அனுப்பினான். மூன்றிலிருந்து நான்குக்கு வெளிச்சம் போகிறது. இவன் சொல்வதெல்லாம் அங்கே போய் விழுகிறது. ஆனால் இயந்திரம் ஒரு பதில் சொன்னால்தான் அடுத்த வார்த்தையை வாங்கிக்கொள்ளும், பதில் சொல்ல அதற்கு வாய் இல்லை. அந்த வாயை மூடியது இவன். திறக்கும் கட்டளைக்குப் பதில் வரவேண்டிய வழியையே, திறக்காமல் விட்டு அடைத்துவிட்டான். ஒரு சொடுக்கு. காலையில் போட்டிருந்தால் ஒரே ஒரு சொடுக்கு.

நான்காம் ஊரில் இப்போது எந்த போனும் கிடையாது. கைபேசிக் கோபுரங்கள்கூட அதே இழையில்தான் தொங்குகின்றன. அங்கே அத்தான் முழித்திருப்பார். அக்கா நம்பரை அழுத்திக்கொண்டிருப்பாள்.

யாராவது நேரில் போய் அந்த விளக்கைப் போடவேண்டும். ஜாயின்ட்டர் சாப்பிட அந்த ஊருக்குள்தான் போயிருப்பான், அவனைக் கூப்பிட வழி இல்லை. கூப்பிட்டாலும் ஸ்டேஷன் சாவி அவனிடம் இருக்காது. அறுந்த இடத்தைத் தோண்டி ஒட்ட ராத்திரி ஆகிவிடும். பெரிய அதிகாரி போனில், "யாரையாவது வண்டில அனுப்புங்க" என்று எரிந்து விழுந்தார்.

"நான் போறேன்" என்றான்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பக்கூட நாற்காலியை உருட்டிக்கொண்டு போகிறவன் அவன்.

"எங்க அத்தான் அந்த ஊர்லதான் இருக்கார். முடியாம இருக்கார்" என்றான்.

"அப்ப எதுக்கு நின்னுட்டு இருக்கீங்க சார்? போங்க. இங்க நான் இருக்கேன்."

வண்டியில் வழி நெடுக ஒத்திகை பார்த்தான். அத்தான், நான்தான். அத்தான், மன்னிச்சிடுங்க. எதுவும் வாயில் ஒட்டவில்லை. கடைசியில், நேரே உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்று, "அத்தான், ஃபேனைப் போடட்டுமா?" என்று கேட்கலாம் என்று தோன்றியது. அதைக் கேட்டால் அத்தான் சிரித்துவிடுவார், நிச்சயம் சிரித்துவிடுவார். ஒரு சின்னச் சிரிப்பில் தீர்ந்துபோகிற விஷயத்தை எத்தனை வருஷம் தலைமேல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான், மடையன்.

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஜனங்கள் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மருந்துக்கடை முன்னால் ஒரே கூட்டம். ஒரு பெண்மணி யாரையோ பார்த்து, "ஸ்கூல் வண்டி எங்க நிக்குதுன்னுகூடத் தெரியலயே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் இவன் கைங்கரியம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரிய தெரு முடியும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் திரும்பினால் நான்காவது வீடு அக்கா வீடு. பச்சைக் கதவு, முனையிலிருந்தே தெரியும். இடது பக்கம் போனால் ஸ்டேஷன். டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் சார்?"

அவன் பச்சைக் கதவைப் பார்த்தான். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. இறங்கி நடந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஊரே தவித்துக்கொண்டிருக்கிறதே, முதலில் அதைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகப் போய் உட்காரலாமே என்று நினைத்தான். அத்தான் இந்நேரம் தூங்கியிருப்பார் என்றும் நினைத்தான். இரண்டும் நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உண்மை என்னவென்றால் அவனுக்குப் பயம். அந்தக் கதவுக்குள் போவதைவிட இயந்திரத்திடம் போவது சுலபம்.

"ஸ்டேஷனுக்குப் போங்க" என்றான்.

பூட்டு துருப்பிடித்து மக்கர் செய்தது. டிரைவர் எண்ணெய் விட்டுத் தட்டித்தான் திறந்தார். உள்ளே ஐஸ் மாதிரிக் குளிர், மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல். இத்தனை வருஷம் திரையில் ஒரு கட்டமாகப் பார்த்த இயந்திரத்தை முதல்முறையாக நேரில் பார்த்தான். மேலே விரல் கனத்துக்குத் தூசி. லேப்டாப்பைச் சொருகினான். கடவுச்சொல் கேட்டது, தப்பாகப் போட்டான், கொஞ்சம் பொறு என்றது. பொறுத்தான். மறுபடி போட்டான். மூன்றாம் ஸ்டேஷன் பக்க விளக்கு: அணைந்துள்ளது. சொடுக்கினான். எரிந்தது.

அவ்வளவுதான். பெட்டியின் முகப்பில் சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. வெளியே தெருவில் யாரோ, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள். சட்டைப்பையில் கைபேசி துடிக்க ஆரம்பித்தது. அக்கா கூப்பிட்டாள், கூப்பிட்டாள், கூப்பிட்டாள் என்று வரிசையாகச் செய்திகள். அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"தம்பி."

அந்தக் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"போயிட்டார்டா. இப்பதான். இன்னும் சூடுகூட ஆறல."

"அக்கா."

"மத்தியானம் நல்லா முழிச்சிட்டார். போடு போடுன்னு உன் நம்பரத்தான் போடச் சொன்னார். போகவே இல்ல. 'ரிங் மாஸ்டர் என் லைன மட்டும் கட் பண்ணிட்டான் பாரு'ன்னு சிரிச்சார்டா. எத்தன நாள் கழிச்சு சிரிச்சார் தெரியுமா? அப்புறம், ஊருக்கே போன் இல்லன்னு பக்கத்து வீட்ல வந்து சொன்னாங்க. 'அப்ப கண்டிப்பா நேர்ல வந்துடுவான்'னார். அவனாவது எழுந்து வர்றதாவதுன்னு நான்தான் வாய் விட்டுச் சொல்லிட்டேன். 'உனக்குத் தெரியாது, வருவான்'னார்."

இயந்திரத்தின் விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

"அதுலேர்ந்து தூங்கவே இல்லடா. தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா கதவப் பாப்பார். கொஞ்சம் முன்னாடிகூட முனையில ஒரு வண்டி வந்து நின்னுச்சு. 'வந்துட்டான், கதவ நல்லாத் தொற'ன்னார். தொறக்கப் போனேன். அது அந்தப் பக்கம் திரும்பிப் போயிடுச்சு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "வேற யாரோன்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டார்."

ஆபீசிலிருந்து டீச்சரின் செய்தி ஒன்று திரையின் மேலே வந்து நின்றது. நாலு வந்துடுச்சு சார், எல்லாம் பச்சை, அத்தான் எப்படி இருக்கார்?

"தம்பி, இருக்கியா? பேசுடா. நீ எங்க இருக்க? கெளம்பி வர எவ்ளோ நேரம் ஆகும்?"

திறந்திருந்த கதவு வழியாகப் பெரிய தெருவின் முனை தெரிந்தது. அதற்கு அப்பால் நான்காவது வீடு.

"வந்துடறேன்கா" என்றான்.

"எவ்ளோ நேரம்டா? ஆளுங்க கேப்பாங்க, என்ன சொல்லட்டும்?"

அவன் லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு, கைபேசியைக் காதோடு பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். அவன் பச்சைக் கதவு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அக்கா இன்னும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.